காக்கையும் பனம்பழமும்



2017 பிப்ரவரியில் சேலம், நாமக்கல் உள்ளிட்ட தமிழகமெங்கும், 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இடும் இயக்கம் தொடங்கிற்று. கைப்பேசி வழியே வதந்தி பரவவே, பெற்றோர் பலர் அஞ்சி மறுத்தனர். இயக்கத்தை மார்ச்சிலும் நீட்டிக்க நேர்ந்தது.

அச்சத்தின் வேர் யாது? ஊசிக்குப்பின் சிலர்க்குக் காய்ச்சலோ தடிப்போ வருதல் உண்மையே. அது பெரும்பாலும் விரைவில் தணியும். ஆனால் இலட்சக்கணக்கானோர்க்கு ஊசியிடுங்கால், பிற காரணங்களால் நோயுறுவோரும் அவர்களிடையே இருப்பர். ‘ஊசிக்குப்பின்’ என்பதை ‘ஊசியால்’ எனக் கொள்வது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகும். ஊசி இட்டார், இடாதார் ஆகிய இருசாராரிடமும் அந்நோய் எவ்வளவு என்று ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது.

தட்டம்மையோ நுரையீரல் அழற்சியையும் மூளை அழற்சியையும் விளைவித்து உயிரையே பறிக்கவல்லது. ஆதலின் ஐயம் எழுந்தால் மருத்துவரை வினவுங்கள். விடையைப் பெற்றோர்க்கும் எடுத்துரையுங்கள்.