முதியோர் சேமிப்பும் வங்கியின் காவலும்

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. முழுக் கொள்ளளவு 71 அடி. நீர் கரைபுரண்ட பின்னர் எச்சரிப்பதால் கரையோர மக்களுக்கு யாதொரு பயனுமில்லை. வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த பணம் வெளியேறும் வேளையிலும் இத்தகைய முன்னெச்சரிக்கை வேண்டும். அதனை விடுக்கத்தக்க இடத்தில் இருப்பது வங்கியே.

முதியோர் பணத்தைக் கவர்வோருள் முகம் தெரியாதோர் ஒரு வகையினர். காவல் அதிகாரி வேடத்தில் காணொலி அழைப்பில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ என மிரட்டிப் பணம் பறிப்பவர் இவ்வகையினர். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர் இவ்வாறு ஏமாற்றப்பட்டதை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

மற்றொரு வகையினர் முகம் தெரிந்தவர்; பெரும்பாலும் உறவினர். கம்பம் பள்ளத்தாக்கில் நெல்வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் உழைத்து ஓய்ந்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் மகனிடம் கொடுத்துவிட்டார். மாதந்தோறும் எவ்வளவு எடுக்கப்படுகிறது எனக் கேட்க அவருக்குத் தயக்கம். அயலான் ஏமாற்றினால் காவல் நிலையம் செல்லலாம். பெற்ற பிள்ளைமேல் புகார் சொல்ல யாருக்கு நா எழும்? இவ்விரண்டனுள் கொடியது இதுவே என்பேன்.

வங்கி செய்யத்தக்கது முதலில் கவனித்தல். பல்லாண்டுகளாகச் சிறு தொகையே எடுத்து வந்தவர் திடீரென வைப்புநிதியை முறிக்கிறார். கேள்விக்கு அவர் வாய் திறவாதிருக்க, உடன் வந்தவர் விடை சொல்கிறார். கைப்பேசி அழைப்பைத் துண்டிக்காமலே ஒருவர் பணம் அனுப்பக் கேட்கிறார். இவை காசாளர் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். முதியவரைத் தனியே அமர்த்தி, “இப்பணம் யாருக்கு? அனுப்பச் சொன்னவர் யார்?” எனக் கனிவோடு வினவலாம். பணம் அவருடையது, தர மறுப்பது வங்கிக்கு எளிதன்று. ஆயினும் கேட்பதற்குத் தடையில்லை. சிங்கப்பூரில் 2025 ஜூலை முதல், மோசடிக்கு ஆளாகியும் அதை நம்ப மறுப்பவரின் கணக்கிலிருந்து பணம் வெளியேறாதவாறு 30 நாள் வரை நிறுத்திவைக்கக் காவல்துறை வங்கிகளுக்கு ஆணையிட முடியும்.

2017 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, 70 வயதைக் கடந்தோர்க்கு அவர்தம் இல்லத்திலேயே பணம் வழங்குதல் உள்ளிட்ட சேவைகளை அளிக்குமாறு வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. இது வசதி மட்டுமன்று. அட்டையைப் பிறர் கையில் ஒப்படைக்கும் தேவையையும் குறைக்கிறது. கையொப்பமிட இயலாத நோயாளி, கைவிரல் அல்லது கால்விரல் ரேகை பதித்துப் பணம் பெறலாம். அதற்கு வங்கி அறிந்த இரு சாட்சிகள் வேண்டும். அவருள் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருத்தல் வேண்டும்.

கூட்டுக் கணக்கில்தான் பலர் தடுமாறுகின்றனர். ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்’ எனும் வகையில் மகன் பெயரைச் சேர்த்தால், அவர் தனித்தே முழுப்பணத்தையும் எடுத்துவிடலாம். ‘முதலாமவர் அல்லது எஞ்சியிருப்பவர்’ எனும் வகையிலோ, முதலாமவர் வாழும்வரை அவருக்கே அவ்வுரிமை உண்டு. நியமனதாரர் என்பவர் கணக்கு வைத்திருப்பவர் வாழ்நாளில் ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. படிவம் நிரப்பும்போதே இவ்வேறுபாட்டை வங்கி ஊழியர் விளக்கிவிட்டால் எத்தனையோ வீட்டுப் பூசல்கள் எழாமலே போகும்.

பராமரிக்க வேண்டும் எனும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிப்பு மறுக்கப்பட்டால் மீட்பதற்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் வழிசெய்கிறது. தேனி மாவட்டத்தில் பெரியகுளம், உத்தமபாளையம் வருவாய்க் கோட்டாட்சியர்களை இதற்காக அணுகலாம். முதியோர் உதவி எண் 14567. இணையவழியில் பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். திருடப்பட்ட தொகை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பாய்ந்துகொண்டே இருக்கும். அது இறுதிக் கணக்கை அடைந்து எடுக்கப்படுவதற்குள் முடக்கினால்தான் மீட்க இயலும்.