பாத்தியதை உண்டு, அநுபோகம் எங்கே?

சொத்து இன்னாருக்கு உரியது என்று பத்திரம் சொன்னால் மட்டும் போதாது. உரியவன் அதைக் கண்டு, ஆண்டு, அனுபவிக்கவும் வேண்டும். பாத்தியதை ஓரிடத்திலும் அநுபோகம் வேறோரிடத்திலும் இருக்குமாயின், அந்த வாரிசின் நிலை இரங்கத்தக்கதேயாகும். தாமிரபரணிச் சீமையில் பிறந்த நம் குழந்தைகள், தம் முன்னோர் தேடி வைத்த கலைச் செல்வத்தைப் பொறுத்தவரை இத்தகைய வாரிசுகளாகவே இருந்து வருகிறார்கள் என்பது நம் துணிபு.

உடன்குடியிலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 114 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தாழிக் காட்டில் 1876-ம் வருஷம் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் தோண்டினார்; கிடைத்தவற்றைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீ என்னும் ஆங்கிலேயர் தோண்டினார். அவர் எடுத்த தங்க நெற்றிப் பட்டங்களும், எருமையும் பறவையும் அமைந்த வெண்கலக் கலங்களும், இரும்பு ஆயுதங்களும் சென்னை எழும்பூர் காட்சிச்சாலையைச் சேர்ந்தன. அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்தார் குழந்தைகளுக்கென்றே ஒரு காட்சிச்சாலையைத் திறந்ததும் அந்த 1899-ம் வருஷத்தில்தான்! அங்கே குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் பொருள்களை வைத்தார்கள். இங்கே உடன்குடிக் குழந்தைக்கு 600 கிலோ மீட்டருக்கும் அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள்.

காலம் மாறியிருக்கிறது, அதை மறைப்பது நியாயமன்று. 2020-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், சிறப்பு நிலை பெறும் ஐந்து தொல்லியல் தலங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பெற்றது. 2023 ஆகஸ்டில், தாழிகள் கிடந்த குழியின் மீதே கண்ணாடித் தளம் அமைத்து, நின்று கீழே நோக்கும்படியான காட்சிக்கூடம் திறக்கப்பெற்றது. அதே ஆண்டில் நெல்லை ரெட்டியார்பட்டியில் மாநில சர்க்காரின் பொருநை அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்று, மாளிகைகள் எழுந்துள்ளன. இவற்றைச் செய்தவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆயினும் ஒன்று கேட்போம். கட்டடம் பாடம் சொல்லுமா? பள்ளிப் பிள்ளைகள் காட்சிச்சாலைக்குப் போகும் விதத்தை அறியாதார் யார்? இருநூறு பேர் வரிசையாக நுழைகிறார்கள். "தொடாதே, பேசாதே, நிற்காதே" என்ற மூன்று கட்டளைகளுக்கும் அடங்கி, அரை மணியில் மறு வாசலால் வெளியேறுகிறார்கள். மறுநாள் அவர்கள் நினைவில் எஞ்சுவது வழியில் தின்ற பண்டமே. இதற்குக் குழந்தைகளைக் குறை கூறுவதில் பயனில்லை. உடன் சென்ற உபாத்தியாயருக்கே எதன் முன் நிற்பது, எதைக் கேட்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை என்பதே மூல காரணம்.

ஒரு திருஷ்டாந்தம் கூறுவோம். 2004-ல் மத்தியத் தொல்லியல் துறையார் மீண்டும் தோண்டியபோது, ஓர் ஓட்டுச் சில்லு கிடைத்தது. அதில் ஒரு பெண் நிற்கிறாள். அருகே பயிர், கொக்கு, மான், முதலை. யாவும் மண்ணைத் திரட்டி ஒட்டிய உருவங்கள். இந்த ஒரு சில்லின் படம் போதும், ஒரு வகுப்பு முழுவதும் நடத்துவதற்கு. "இவற்றுள் எவை இன்றும் நம் குளத்தங்கரையில் உண்டு? குயவர் இதை எப்படி ஒட்டியிருப்பார்? இறந்தோருக்குரிய இடத்தில் பயிரையும் பறவையையும் ஏன் வைத்தார்கள்?" என்று ஆசிரியர் கேட்கட்டும். பிள்ளைகள் களிமண்ணைப் பிசைந்து தாமே செய்து பார்க்கட்டும். அதன் பிறகு ஆதிச்சநல்லூருக்குப் போகும் பிள்ளை வேடிக்கை பார்ப்பவனாகப் போகமாட்டான். தன் வீட்டைத் தேடிப் போகிறவனாகவே போவான்.

ஆகவே முதற்கண் வேண்டுவது ஆசிரியர் பயிற்சி. பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன் ஆசிரியர்கள் ஒரு நாள், சம்பளத்துடன் கூடிய வேலை நாளாகவே, காட்சிச்சாலைக்குச் சென்று, பத்தே பொருள்களை நன்கு பார்த்துப் பழகி வரட்டும். நூறு பொருள்களைக் கடந்து போவதைவிட ஐந்தின் முன் அமர்ந்து வரைவது மேல்.

இரண்டாவது, பிள்ளைகள் போக முடியாத இடத்துக்குக் காட்சிச்சாலையே வர வேண்டும். கல்கத்தாவில் பிர்லா தொழில் நுட்பக் காட்சிச்சாலையார் 1965-லேயே மோட்டார் வண்டியில் காட்சிப் பொருள்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பம்பாயின் பெரிய காட்சிச்சாலையும் 2015-ல் அத்தகைய வண்டியை ஓட்டத் தொடங்கியது. தேரி மணல் சூழ்ந்த நம் ஊர்களுக்கு, பிரதிமைகளும் படங்களும் அடங்கிய ஒரு வண்டி வரக்கூடாதா? வண்டி இல்லையேல், பள்ளிக்குப் பள்ளி மாறிச் செல்லும் ஒரு பெட்டியேனும் வரட்டும்.

மூன்றாவது, குடும்பங்கள். உடன்குடிப் பெரியவர்கள் கலையறியாதவர்கள் என்று எண்ணுவோர் ஏமாந்து போவார்கள். ஓலைப்பெட்டி முடைந்த பாட்டியின் விரல்களில் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதமிருந்து காளி வேஷம் பூணும் வாலிபனுக்கு மகுடமும் ஆயுதமும் எப்படி அமைய வேண்டும் என்று எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இவர்கள் பிள்ளைகளுடன் வந்து காட்சிக்கூடத்தில் நின்றால், கற்பவர்களாக மட்டுமன்றிக் கற்பிப்பவர்களாகவும் நிற்பார்கள். பனைத் தொழில் ஓய்ந்த மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குடும்ப நாளாக்கி, பஸ் வசதியும் செய்து தருவது சர்க்காருக்குப் பெரிய காரியமன்று.

"பள்ளிக்கூடத்தின் குறைகளே தீராதபோது பானையோடு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கூரையும் வேண்டும், குடிநீரும் வேண்டும்; அவற்றைக் கேட்பதில் நாம் யாருக்கும் பின்வாங்கியவரல்லர். ஆனால் தான் ஒன்றுமில்லாதவர் வழிவந்தவன் என்று நம்பும் பிள்ளை, தனக்குரியதைக் கேட்கவும் கூசுவான். இரும்பை உருக்கியவர்களும் வெண்கலத்தில் எருமையை நிறுத்தியவர்களும் வாழ்ந்த மண் இது என்று கண்ணால் கண்டவன் தலை குனியமாட்டான்.

நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த முறை கூடும்போது, ஆசிரியருக்கு ஒரு நாள், பள்ளிக்கு ஒரு பெட்டி, குடும்பங்களுக்கு ஒரு ஞாயிறு என்ற மூன்றையும் கோரித் தீர்மானம் நிறைவேற்றி, ஜில்லா கலெக்டருக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுமுறையும் அனுப்புங்கள். வாரிசு வாய் திறந்து கேட்காத சொத்து, வாரிசுக்கு வந்ததாக நாம் எங்கும் கண்டதில்லை.