செடிக்கு நரம்பு உண்டா? மரபணு மரம் காட்டுவது

'நம் மூளையில் இருக்கிற அதே குளூட்டமேட் ஏற்பிகள் செடியிலும் இருக்கு, ஆகவே செடிக்கும் நரம்பு மண்டலம் உண்டு' என்று ஒரு வாதம் அடிக்கடி கண்ணில் படுகிறது. முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கு. 'ஆகவே'தான் சிக்கல்.

செல் சவ்வில் கால்சியம், பொட்டாசியம் போன்ற அயனிகளுக்கு வழிவிடும் புரதக் கதவுகளை அயனிக் கால்வாய்கள் என்கிறோம். குளூட்டமேட் வந்து ஒட்டினால் திறக்கும் கதவுகள் நம் மூளையில் ஏராளம். அதே சாயலுள்ள மரபணுக்கள் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் இருப்பது 1998ல் தெரியவந்தது. 2000ல் அதன் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. எண்ணிப் பார்த்தால் அதில் 20. மனிதனுக்கு 18.

கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று ஜோடி சேரும்னு தோணும். சேராது. வரிசைகளை ஒப்பிட்டுக் குடும்ப மரம் வரைந்தால் செடியின் இருபதும் ஒரு கிளையில், நம்முடையவை வேறு கிளையில் நிற்கும். மூதாதை ஒன்றுதான், இதே குடும்பத்து உறுப்பினர் ஒன்று சயனோபாக்டீரியாவில்கூட உண்டு. ஆனால் வழி பிரிந்த பிறகுதான் இரு பக்கமும் தனித்தனியாகப் பெருகியிருக்கின்றன. நம்ம தொழில் பாஷையில் சொன்னால், ஒரே பழைய கோடை ரெண்டு டீம் ஃபோர்க் பண்ணி, அப்புறம் பேசிக்கொள்ளவே இல்லை. இந்த டீமோட ஏழாவது ஃபைலுக்கு அந்த டீமில் எது ஜோடி என்ற கேள்விக்கே அர்த்தமில்லை.

வேலையும் மாறிப்போச்சு. செடியின் கால்வாய்களில் பல, குளூட்டமேட் மட்டுமில்லாமல் வேறு அமினோ அமிலங்களுக்கும் திறக்கும். ஃபிஸ்கோமிட்ரெல்லா என்ற மாஸ் செடியில் இந்த மரபணுக்கள் இரண்டே இரண்டு. அங்கே அவை ஆண் செல் நீந்திப்போய் முட்டையைக் கண்டுபிடிக்க உதவுகின்றன.

நரம்புக் கதைக்கு வலு சேர்ப்பது 2018ல் வந்த ஆய்வு. புழு இலையைக் கடித்தால் குளூட்டமேட் கசிந்து, கால்சியம் அலை ஓரிரு நிமிடத்தில் தூரத்து இலைக்குப் போகிறது. அழகான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் நம் நரம்பு மில்லிசெகண்டில் துடிப்பது வேறொரு குடும்பத்தால்: மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் கால்வாய்கள். அவற்றின் நெருங்கிய உறவான கால்சியம் கால்வாய் கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசியில் இன்றும் இருக்கு. அராபிடாப்சிஸிலோ நெல்லிலோ தேடினால் கிடைக்காது. தாவர வம்சம் கரையேறிய பாதையில் அந்த மரபணு தொலைந்துவிட்டது.