இன்ஜின் ஓடுது, வண்டி நகரல
இரும்பின் நாடி – 12

"அண்ணே, கியர் விழுது. கிளட்ச் விட்டா சும்மா உறுமுது. வண்டி மட்டும் நகரல."

பட்டறை வாசலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து இப்படிச் சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: செயினா, ஷாஃப்டா? செயின் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. அறுந்ததா, கழன்றதா, ஸ்ப்ராக்கெட் பல் மழுங்கியதா என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அதைத்தான் சென்ற வாரம் பார்த்தோம். ஷாஃப்ட் என்றால் கண்ணில் படுவது ஒரு மூடிய குழாயும் அதன் முனையில் ஓர் அலுமினியப் பெட்டியும்தான். நோய் அத்தனையும் உள்ளே.

நம் பக்கம் செயினுக்குப் பழகிய பக்கம். 1950-களின் நடுப்பகுதி முதல் திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. அது செயின் வண்டி. அம்பத்தூரில் டிஐ டயமண்ட் செயின் இருக்கிறது. ஆனால் அதே எம்.டி.எச். சாலையில் மேற்கே வந்தால் ஆவடியில் ராணுவ டாங்கிகள் தயாராகின்றன. திருவள்ளூரை ஒட்டிய மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் ஆலை பாறை சுமக்கும் ராட்சத லாரிகளைச் செய்கிறது. இவற்றில் சக்கரத்தைத் திருப்பும் கடைசி வேலை மூடிய பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரங்களுடையது. பழைய ஷாஃப்ட் பைக்கும் அந்தக் குடும்பத்துச் சின்னப் பிள்ளைதான். ஆகவே பிஎம்டபிள்யூவோ ஹோண்டா கோல்ட்விங்கோ காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் வந்து நின்றால் இங்கே யாரும் மலைக்க வேண்டியதில்லை. எதை இங்கேயே செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது என்ற கணக்கு மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

ஷாஃப்ட் நேற்று வந்த புதுமை இல்லை. பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் 1905-லேயே நான்கு சிலிண்டர் பைக்கில் அதை வைத்தது. அதை நிலைநிறுத்தியது 1923-ல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 32. அதை வடிவமைத்த மாக்ஸ் ஃபிரிஸ் இன்ஜினைப் படுக்கவைத்து, சிலிண்டர்களை இருபுறமும் நீட்டி, கிராங்க் ஷாஃப்டை வண்டியின் நீளவாக்கில் அமைத்தார். சுழற்சி நேராகப் பின்னால் போய் சக்கரத்தருகே ஒரே ஒரு முறை செங்குத்தாகத் திரும்பினால் போதும். புல்லட்டில் கிராங்க் குறுக்குவாக்கில் கிடக்கிறது; சக்கரமும் குறுக்கே. அங்கே செயின்தான் இயல்பு. இத்தாலியின் லாம்பிரட்டா எல்டி ஸ்கூட்டர்கூட ஷாஃப்ட்தான். 1958-ல் வந்த எல்ஐ வரிசையில் செயினுக்கு மாறிவிட்டார்கள்.

விசை போகும் வழியை லாரி மெக்கானிக் பாஷையிலேயே சொல்லிவிடலாம்: இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்), ஷாஃப்ட், ஸ்ப்லைன் (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் பல்வரிசை), பினியன், கிரவுன், சக்கரம். இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் கை நழுவியிருக்கிறது. அது எந்த இடம் என்று தெரியாமல் ஸ்பானரை எடுக்காதீர்கள்.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முதல் கியர் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். இன்ஜினின் கம்ப்ரஷன் எதிர்த்து நின்றால் வழி அறுபடவில்லை. சந்தேகம் கிளட்சின் மேல். வழுக்கும் கிளட்ச்கூடக் கையின் விசைக்குப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும், இன்ஜின் விசைக்குத்தான் விட்டுவிடும். சக்கரம் தடையே இல்லாமல் சுற்றினால் வழி எங்கோ அறுந்திருக்கிறது.

இரண்டாவது சோதனை: கியர்பாக்ஸ் முடியும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளினால் கிராஸும் அதைப் பிடித்திருக்கும் ஃபிளாஞ்சும் தெரியும். ஒருவர் சக்கரத்தைத் திருப்ப, இன்னொருவர் அதைப் பார்க்க வேண்டும். சக்கரத்தோடு ஃபிளாஞ்சும் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் அசையவில்லை என்றால் கோளாறு முன்னால்: கியர்பாக்ஸ் அல்லது கிளட்ச். சக்கரம் சுற்றுகிறது, ஃபிளாஞ்ச் சும்மா நிற்கிறது என்றால் கோளாறு பின்னால்.

மூன்றாவது: சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அது பொருந்தும் ஸ்ப்லைன் முனையைக் கையால் திருப்புங்கள். இப்போது ஃபிளாஞ்ச் சுற்றினால் உள்ளே எல்லாம் நலம். சக்கரத்துக்கும் டிரைவுக்கும் இடையிலுள்ள பற்கள்தான் போயிருக்கின்றன. சுற்றாவிட்டால் ஷாஃப்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பிஎம்டபிள்யூ ஆர் 100 ஜிஎஸ் போன்ற வண்டிகளில் ஷாஃப்டுக்குள்ளேயே அதிர்ச்சி தாங்க ஒரு ரப்பர் ஒட்டியிருக்கும். அந்த ரப்பர் பிய்ந்தாலும் இதே அறிகுறிதான்: எல்லாப் பல்லும் முழுசாக இருக்கும், வண்டி நகராது. சந்தேகமென்றால் ரப்பரின் இருபுறமும் ஒரே நேராகப் பெயின்ட் கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் விட்டுவிட்டது.

வண்டி முழுதாக நிற்பதற்கு வெகுநாள் முன்பே அது பேசத் தொடங்கியிருக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது 'டக்' என்ற அடி கேட்டால் எங்கோ ஆட்டம் கூடியிருக்கிறது. ஸ்ப்லைன் அல்லது கிராஸ். அதிர்வு இன்ஜின் வேகத்தோடு ஏறாமல் சாலை வேகத்தோடு ஏறினால், கிளட்சை அழுத்தி உருட்டும்போதும் நீடித்தால், கியர்பாக்ஸுக்குப் பின்னால் தேடுங்கள். இழுக்கும்போது ஒரு சுரத்திலும் விடும்போது வேறு சுரத்திலும் ஊளை வந்தால் கிரவுன் பினியன். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது என்றால் பேரிங். விளிம்பிலோ டயரிலோ எண்ணெய் வழிந்திருந்தால் ஆயில் சீல். கடைசி இரண்டில் எது இருந்தாலும் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள். ஆடும் பேரிங் சீலைக் கிழிக்கும், எண்ணெய் டயரில் இறங்கும். அப்புறம் திருப்பத்தில் நடப்பது பட்டறை விஷயமாக இருக்காது.

அடுத்து எண்ணெயைப் படிக்க வேண்டும். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழைவு கொஞ்சம் ஒட்டியிருப்பது இயல்பு. மினுமினுக்கும் செதில், ஊசி போன்ற சில்லு என்றால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்தில் இந்த மூன்றாவதை மறக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இங்கே எத்தனை வண்டிகள் நீரில் நின்றன என்று எல்லோருக்கும் தெரியும். ஓடிச் சூடான டிரைவ் பெட்டி திடீரென வெள்ளத்தில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று சீல் உதட்டின் வழியாகவோ காற்றுத் துளை வழியாகவோ நீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே துடைத்துவிட்டால் பளபளக்கும். உள்ளே துரு ஆரம்பித்திருக்கும். முழங்கால் நீரில் ஓட்டினால் அந்த வாரமே எண்ணெயை மாற்றிவிடுங்கள். அபூர்வ எண்ணெய் எதுவும் தேவையில்லை. பெரும்பாலான பழைய ஷாஃப்ட் வண்டிகளுக்கு லாரி ஹவுசிங்கில் ஊற்றும் ஜிஎல்-5 தரக் கியர் ஆயில்தான், 80டபிள்யூ-90 போதும்.

ஆனால் பழைய ஷாஃப்ட் வண்டி நடுரோட்டில் நின்றுபோகிறது என்றால் என் முதல் சந்தேகம் பெரிய பல்சக்கரத்தின் மேல் விழாது, ஸ்ப்லைன் மேல்தான் விழும். கிரவுனும் பினியனும் எண்ணெயில் குளித்துக்கொண்டே சுழல்கின்றன. பல வண்டிகளில் ஸ்ப்லைனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. யாராவது கிரீஸ் பூசினால்தான் உண்டு. சாதாரண கிரீஸ் அழுத்தத்தில் பிதுங்கி, சுழற்சியில் வெளியே சிதறிவிடும். காய்ந்த பற்கள் ஒன்றையொன்று நுண்ணிய அளவில் உரசி, சிவந்த துருத்தூளாக உதிரும். கழற்றியதும் அந்தச் செந்தூளைப் பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. இந்த இடத்துக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு அதிகமுள்ள கறுப்புப் பசைதான் சரி. ஹோண்டா ஷாஃப்ட் வண்டிகளை வைத்திருப்பவர்கள் டயர் மாற்றும்போதெல்லாம் அதைப் பூசுவதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது பழைய துணியால் "சுத்தமா" துடைத்துவிட்டால் அந்த வண்டிக்கு அன்றே நாள் குறித்தாயிற்று. 'ஷாஃப்டுக்குப் பராமரிப்பே வேண்டாம்' என்ற பேச்சுதான் இத்தனை ஸ்ப்லைன்களைக் கொன்றிருக்கிறது.

பல்லின் தலை தட்டையாக இருந்தால் ஆயுள் இருக்கிறது. ரம்பப் பல்லாகக் கூராகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முடிந்தது.

இனி, காக்களூர் கணக்கு. கழற்றிய பாகங்களை மேசையில் மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், எண் சொல்லி வாங்குவது. பேரிங்கில் பெரும்பாலானவை பைக் கம்பெனியின் சொத்து இல்லை. பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்தான் அதன் முகவரி. 6207 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 35 மி.மீ. வெளிவிட்டம் 72, அகலம் 17. உலகில் எங்கே வாங்கினாலும் இதே அளவு. ஆயில் சீலுக்கும் உள், வெளி, தடிமன் என மூன்று அளவு போதும். புதுப்பேட்டைக்குப் போகும்போது வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள்; "அது கிடைக்காது சார்" என்றுதான் பதில் வரும். எண்ணைச் சொல்லுங்கள்.

பொருத்தும்போது சுத்தியலுக்கு வேலையில்லை. இரும்பைவிட அலுமினியம் சூட்டில் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 72 மி.மீ. துளையுள்ள அலுமினியப் பெட்டியை 90 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.15 மி.மீ. பெரிதாகும். மேலே தெளித்த நீர்த்துளி சுண்டி ஓடும் சூடு வந்ததும் பேரிங்கை நேராக இறக்குங்கள், தானே உட்காரும்.

இரண்டாவது குவியல், இங்கேயே செய்யக்கூடியது. சக்கரத்தின் தேய்ந்த ஸ்ப்லைனை லேத்தில் கடைந்து எடுத்துவிட்டு, புதிதாகப் பல் வெட்டிய எஃகு வளையத்தைப் பொருத்தலாம். பழைய பல்லின் மேல் வெல்டிங் வைத்து அரத்தால் ராவித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அது மென்மையான இரும்பு; மறுபடியும் மழுங்கும், மழுங்கும்போது எதிர்ப் பல்லையும் தின்னும். இஎன் 353 போன்ற எஃகில் பல் வெட்டி, 900 டிகிரிக்கு மேல் கரியூட்டி, தோலை மட்டும் கடினமாக்க வேண்டும். உள்சதை மென்மையாக இருந்தால்தான் அடி தாங்கும். சூட்டில் வளையம் சற்று நெளியும் என்பதால் அதற்குரிய இடத்தைக் கணக்கில் வைத்தே கடைய வேண்டும். இதெல்லாம் இந்த எஸ்டேட்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. அவர்களிடம் மாதிரியையும் எஃகின் பெயரையும் எழுத்தில் கொடுத்தால் போதும்.

கிராஸும் இந்தக் குவியல்தான், சற்றே எச்சரிக்கையோடு. வளைந்து நிற்கும் கிராஸ் சீராகச் சுழலாது. 10 டிகிரி சாய்வில் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஒன்றரை சதவீதம் கூடிக் குறையும். 20 டிகிரியில் ஆறு சதவீதம். இரண்டு கிராஸ் உள்ள ஷாஃப்டில் ஒன்றின் குறையை மற்றது நேர்செய்யும்படி கவைகளின் திசை அமைந்திருக்கும். கழற்றும் முன் பெயின்ட் அடையாளம் வைக்காமல் ஒரு பல் தள்ளி மாட்டினால், எல்லாம் புதிதாக இருந்தும் வண்டி அதிரும். தொழிற்சாலையிலேயே கிராஸை அடித்து மூடிய ஷாஃப்டுகளும் உண்டு. அவற்றை மில்லிங்கில் திறந்து, சர்க்ளிப் வைத்த கிராஸாக மாற்றுகிறார்கள். மையம் விலகாமல் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

மூன்றாவது குவியல், தொடக்கூடாதது: கிரவுன், பினியன். இவை ஜோடியாக உரசிப் பழக்கி, ஜோடி எண் பொறித்து வருபவை. பினியன் கெட்டால் பினியன் மட்டும் வாங்கிப் போட முடியாது. சுழல் வடிவப் பல்லை வெட்ட அதற்கென்றே இயந்திரம் வேண்டும். சாதாரண மில்லிங்கில் வெட்டியது ஊளையிட்டே சாகும். பல் உதிர்ந்திருந்தால் முழு டிரைவ் பெட்டியைப் பழைய வண்டியிலிருந்து தேடி வாங்குவதே மலிவு. ஜோடி நன்றாக இருந்து பேரிங் மட்டும் மாற்றினாலும், பழைய ஷிம்கள் எந்தப் பக்கம் இருந்தன என்று குறித்துவையுங்கள். பூட்டியபின் பல்லில் மார்க்கிங் ப்ளூ தடவிச் சுழற்றினால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஷிம்மை மாற்றி மறுபடி பூட்டுங்கள். இதில் ஒரு நாள் போனால் போகட்டும்.

முடித்ததும் பில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். 500 கி.மீ. ஓட்டிவிட்டு வரச் சொல்லி, எண்ணெயை வடித்துக் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் குழைவு மட்டும் இருந்தால் உங்கள் வேலை சரி. செதில் இருந்தால் வண்டிக்காரர் கேட்கும் முன் நீங்களே பெட்டியைத் திறந்துவிடுங்கள். அந்த இரண்டாவது திறப்புக்குக் கூலி வாங்கக் கூடாது.

அடுத்த வாரம்: மழைநீர் குடித்த கார்புரேட்டர்.