புத்தளத்து இறாலின் இரசாயனம்

சிலாபத்திலிருந்து வடக்கு நோக்கி உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என்று நீண்டு செல்லும் கரையோரம் உவர்நீரை நம்பி வாழ்கின்ற பிரதேசமாகும். களப்பு நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் உப்பு விளைவிப்போர் ஒருபுறமிருக்க, அதே நீரைக் குளங்களிற் பாய்ச்சி இறால் வளர்க்கும் தொழில் 1980-களில் இங்கே வேரூன்றி, புலி இறாலை இந்நாட்டின் ஏற்றுமதிப் பண்டங்களுள் ஒன்றாக உயர்த்திற்று. எடை பார்த்து விலை பேசப்படும் அந்தப் பிராணியின் சரீரத்தை ஓர் இரசாயன மாணாக்கன் ஆராயப் புகுவானாயின், புரதம், கொழுப்பு, சர்க்கரைப் பொருள், மரபணுப் பொருள் என்று பாடநூல்கள் பகுத்துக் கூறும் நான்கு இனங்களையும் அதனிடத்திலேயே கண்டு கற்றுக்கொள்ளலாம். பரிசோதனைச் சாலையும் அதிகம் வேண்டியதில்லை, சமையலறையே பெரும்பாலும் போதும்.

ஆராய்வதற்கு முன் ஒரு விஷயத்தை மனத்திற் கொள்ளவேண்டும். அணுக்கள் தம்முள் இலத்திரன்களைப் பகிர்ந்துகொண்டு மூலக்கூறாகும்போது உண்டாகும் பிணைப்பு வலியது. கொதிநீர் அதனை எளிதில் அசைக்க மாட்டாது. ஆனால் ஒரு மூலக்கூறு மற்றொன்றை அணைத்துக்கொள்வதும், நீண்டதொரு புரதச் சங்கிலி தன்னைத்தானே மடித்து ஓர் உருவம் பெறுவதும் பெரும்பாலும் ஐதரசன் பிணைப்பு முதலிய மெல்லிய பற்றுக்களினால் நிகழ்வன. அவற்றைச் சற்றே மிகுந்த உஷ்ணமோ புளிப்போ குலைத்துவிடும். பற்றியதை உரிய வேளையில் விடக்கூடியதாயிருப்பதனாலேதான் உயிருள்ள உடலில் ஒரு காரியம் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதும், எல்லாப் பிணைப்புக்களும் வலியனவாக இருந்திருப்பின் அங்கே கல்லின் அசைவின்மையே எஞ்சியிருக்கும் என்பதும் என் துணிபு.

இந்த வேற்றுமையை இறாலின் நிறத்தைப் போல் வெளிப்படையாகக் காட்டுவது பிறிதொன்றில்லை. உயிருள்ள புலி இறால் கருநீலமும் சாம்பற்பச்சையுமான வரிகளோடு தோன்றுகிறது. கொதிக்கும் நீரிலிட்ட சிறிது நேரத்திலேயே உடல் முழுவதும் செந்நிறமடைகிறது. தீயே அச்சிவப்பை உண்டாக்கியதென்று எண்ணுவது இயல்புதான் என்றாலும், அஸ்டாசாந்தின் என்னும் அச்செந்நிறப்பொருள் தொடக்கமுதலே ஓட்டினுள் இருந்தது. நாற்பது காபன் அணுக்களைக் கொண்ட இந்நிறமியின் மூலம், நீரில் மிதக்கும் நுண்பாசிகளாகும். இறால் பாசியையும் பாசியுண்ணும் சிற்றுயிர்களையும் தின்று அதனைப் பெறுகிறது. தனித்திருக்கையில் அது ஒளியின் நீலப்பகுதியை விழுங்குவதால் நம் கண்ணுக்குச் செந்நிறமாகத் தெரிகிறது. ஓட்டிலுள்ள கிரஸ்டாசயனின் என்ற புரதம் அதனைத் தன் மடிப்புக்குள் இறுகப் பிடித்து, அதன் வடிவத்தையும் இலத்திரன்களின் நிலையையும் சிறிது மாற்றும்போதோ, அது விழுங்கும் ஒளி செம்மஞ்சட் பகுதிக்குப் பெயர்ந்துவிட, எஞ்சிய நீலமே வெளித்தோன்றுகிறது. ஐரோப்பியச் சிங்க இறாலின் ஓட்டிலிருந்து எடுத்த இப்புரதத்தின் அமைப்பை, எக்ஸ்கதிர்களைக் கொண்டு பிரித்தானிய விஞ்ஞானிகள் 2002-ஆம் ஆண்டு அணுவணுவாக வரைந்து காட்டினர். கொதிநீரில் புரதத்தின் மெல்லிய மடிப்புக்கள் அவிழ்கின்றன; நிறமியின் வலிய பிணைப்புக்கள் அவிழ்வதில்லை; ஆதலால் பிடி தளர்ந்த அஸ்டாசாந்தின் தன் சொந்த நிறத்தை மீண்டும் அடைகிறது. மன்னார்க் கரையில் வந்திறங்கும் பூநாரைகளின் செம்மையும் இக்குடும்பத்து நிறமிகளை உணவோடு பெற்றதனால் வந்ததே.

இறாலின் இரத்தத்திலும் நீலமுண்டு. நமது இரத்தத்தில் இரும்பைக் கொண்ட ஈமோகுளோபின் செவ்வணுக்களுக்குள் அடைபட்டிருந்து ஒட்சிசனைச் சுமக்கிறது. இறாலிலோ செம்பைக் கொண்ட ஈமோசயனின் என்னும் புரதம் கலம் எதனுள்ளும் புகாது இரத்த நீரிலேயே கரைந்து நின்று அத்தொண்டைச் செய்கிறது. இரண்டு செம்பு அணுக்கள் ஓர் ஒட்சிசன் மூலக்கூறை நடுவில் ஏந்தும்போது திரவம் நீலச்சாயல் பெறுகிறது; விட்டதும் நிறமின்றிப் போகிறது. குளங்களிலே காற்றூட்டும் சக்கரங்கள் இரவெல்லாம் நீரைக் கலக்கிக்கொண்டிருப்பதன் காரணம் இதனாலே விளங்கும். சூரியன் மறைந்தபின் பாசிகள் ஒட்சிசனை ஆக்குவதை நிறுத்தி, தாமும் அதனைச் செலவிடத் தொடங்குவதால், செம்பு ஏந்துவதற்குப் போதிய ஒட்சிசன் விடியற்காலையில் நீரில் இல்லாமற் போகலாம்.

கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீரைக் கொணரும் மழைக்காலத்தில் புத்தளம் களப்பின் உப்புத்தன்மை தணிகிறது. வறட்சியிலோ கடலினும் மிக்க உவராகிறது. கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பிருக்க, புலி இறாலின் இரத்தம் 25 கிராம் அளவுள்ள நீரோடுதான் சமநிலையில் நிற்கும். நீர் அதனினும் உவர்த்தால் உடலிலுள்ள நீர் வெளியேறவும், நீர்த்தால் புறநீர் உட்புகவும் முயலுமாதலின், செவுள்களாகிய பூக்களிலுள்ள புரதங்கள் உப்பை ஓயாது தள்ளியும் இழுத்தும் வருகின்றன; தசையின் கலங்களோ கிளைசின் முதலிய அமினோ அமிலங்களைக் கூட்டியும் குறைத்தும் தம்மைக் காத்துக்கொள்கின்றன. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசின் நாவுக்கு இனிப்பது. உவர் மிகுந்த நீரில் வளர்ந்த இறாலின் சதையில் அது மிகுதியாகச் சேர்வதால், உப்பு நீரிலிருந்து இனிப்புப் பிறக்கிறதென்னும் விசித்திரம் கறிச்சட்டியில் மெய்யாகிறது.

ஓட்டினை ஆக்கும் கைற்றின் ஒரு சர்க்கரைப் பொருள். நைதரசன் சேர்ந்த சர்க்கரை அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த அச்சங்கிலி, மரக்கட்டையை ஆக்கும் செலுலோசுக்கு நெருங்கிய உறவு. அதன் வலைக்குள் புரதமும் சுண்ணாம்பும் படிந்தே ஓடு கடினமாகிறது. கடினமான ஓடு தானாக வளராது. ஆகவே உடல் பெருக்கும்போதெல்லாம் இறால் அதனைக் கழற்றி, இளமேனியில் நீரை நிரப்பிப் பருத்து, புதிய ஓட்டினை இறுகச் செய்கிறது. இந்தச் சட்டை உரிப்பைத் தூண்டும் சுரப்பு கொலஸ்டரோலிலிருந்து ஆக்கப்படுவதென்பதும், அந்தக் கொலஸ்டரோலைத் தானே ஆக்கும் வல்லமை இறாலுக்கு இல்லையென்பதும் கவனிக்கத்தக்கன. நம் ஈரல் அதனை வேண்டியமட்டும் ஆக்கிக்கொள்கிறது. நாமோ அதற்கு அஞ்சி இறாலை ஒதுக்குகிறோம். இறாலுக்கோ அது கிடையாவிடின் வளர்ச்சியே இல்லையாதலால் பண்ணைத் தீவனத்தில் கலந்து ஊட்டவேண்டியிருக்கிறது. நம் உடலிலும் ஆண்மை பெண்மைச் சுரப்புக்களும், வெயிலில் தோல் ஆக்கும் வைட்டமின் டீயும் இதே எலும்புக்கூட்டின்மேல் கட்டப்படுவன. சட்டை உரிப்பையும் முட்டை முதிர்வையும் தடுத்து நிறுத்தும் சிறு புரதங்கள் இறாலின் கண்காம்பில் ஊறுகின்றன. ஆதலால் குஞ்சு பொரிப்பகங்களிலே தாய் இறாலின் ஒரு கண்காம்பை நறுக்கி முட்டையை விரைவுபடுத்துவது வழக்கமாயிற்று. இரசாயன ஞானம் கொடுமைக்குத் துணைபோன இடங்களுள் இதனையும் சேர்க்கவேண்டும்.

பிடிபட்ட இறாலின் தலை கறுப்பது அழுகலின் அடையாளமன்று. காயத்தை அடைக்கவும் கிருமியைச் சிறைப்படுத்தவும் உயிரோடிருக்கையில் பயன்பட்ட நொதியமே, இறந்தபின்னும் ஒட்சிசனோடு சேர்ந்து கருநிறமியை ஆக்கிக்கொண்டிருக்கிறது. வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதும் இவ்வகையான நொதியத்தினாலேதான். ஐஸ் அதன் வேகத்தைக் குறைக்கும். கடல் மீனிலும் இறாலிலும் பின்னர் எழும் நாற்றமோ பக்டீரியாக்களின் வேலை. அவை ஆக்கும் டிரைமெதிலமீன் காரத்தன்மையது. தேசிக்காய்ப் புளி அதற்கொரு புரோத்தனை ஈந்து ஆவியாகாத உப்பாக்கிவிடுவதால் நாற்றம் அடங்குகிறது.

1996-ஆம் ஆண்டு இக்கரையைத் தாக்கிய வெண்புள்ளி நோய் நான்காவது இனமாகிய மரபணுப் பொருளின் கதை. ஏறத்தாழ மூன்று இலட்சம் எழுத்திணைகள் கொண்ட டி.என்.ஏ. வளையம் ஒன்றும் அதனைப் போர்த்த, புரதமும் கொழுப்பும் சேர்ந்த உறையுமே அந்த வைரசு. இறாலின் கலத்தின் மேற்பரப்பை அவ்வுறை பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்ததும், இறாலின் சொந்தக் கலமே வைரசின் பிரதிகளை ஆக்கும் பணியாளாகிறது; சில தினங்களுக்குள் குளம் முழுவதும் மடிந்துவிடும். மனிதனுக்கு அதனால் தீங்கில்லை. ஆயினும் டச்சுக் கால்வாய் என்று வழங்கும் நீர்வழியிலிருந்து நீரெடுத்த பண்ணைகள் தம் கழிவுநீரையும் அதிலேயே விட்டமையால், ஒருவர் குளத்து நோய் ஊரார் குளமெல்லாம் பரவிற்று. 1998-இல் மீண்டும் வந்தது. கைவிடப்பட்ட குளங்கள் இன்றும் அங்கே கிடக்கின்றன. நெக்டா என்று சுருக்கி வழங்கும் நீருயிரின வளர்ப்பு அதிகார சபை, வலயம் வலயமாகக் குளம் நிரப்பும் காலத்தை வகுத்திருப்பது இவ்வனுபவத்தின் விளைவே. குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் செய்யும் பி.சி.ஆர். சோதனையும் மெல்லிய பற்றினையே கருவியாகக் கொண்டது: 95 பாகையளவில் சூடாக்க டி.என்.ஏ.யின் இரு இழைகளும் தம் ஐதரசன் பிணைப்புக்களை விட்டுப் பிரிகின்றன. ஒவ்வோர் இழையினுள்ளும் எழுத்துக்களைக் கோத்த வலிய பிணைப்போ அசையாது நிற்கிறது. ஆறவிட, வைரசுக்கென்றே ஆக்கிய சிறு துண்டுகள் தமக்குப் பொருந்திய இடத்தைப் பற்றிக்கொண்டு, பிரதி எடுத்தலைத் தொடங்கி வைக்கின்றன.

இனி உண்பவரின் உடலுக்கு வருவோம். வயிற்று அமிலம் இறாற்புரதங்களின் மடிப்பை மேலும் அவிழ்க்க, நொதியங்கள் சங்கிலியை அமினோ அமிலங்களாகத் துணித்துவிட, அவை குடலின் வழியே இரத்தத்திற் கலந்து நமது புரதங்களாக மீண்டும் கோக்கப்படுகின்றன. இவ்வளவில் இறாலென்றும் மனிதனென்றும் பேதமில்லை. ஆனால் தசையை இயக்குவதில் துணைநிற்கும் டிரோபோமயோசின் என்ற புரதம் இரண்டு இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. கொதிக்க வைத்து ஆறவிட்டால் அது பழைய முறுக்கிற்கே திரும்பிவிடும். குடலிலும் எளிதில் முற்றாகச் சிதைவதில்லை. இறால் ஒவ்வாமைக்குத் தலையாய காரணம் இதுவேயென்று 1993-இல் வெளிவந்த ஆய்வு நிறுவிற்று. இந்திய விஞ்ஞானிகளுக்கும் அதிற் பெரும்பங்குண்டு. சிலருடைய உடல் இப்புரதத்தைப் பகையெனக் கருதி, அதனைப் பற்றுவதற்கென்றே ஒருவகைப் பிறபொருளெதிரியை ஆக்கி வைத்திருக்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எதிரிகளை ஒரே இறாற்புரதம் பற்றி இணைத்துவிடுமாயின், அவற்றைத் தாங்கிய கலம் தன்னிடமுள்ள ஹிஸ்டமீனைக் கொட்டிவிட, தோல் தடிக்கிறது, தொண்டை வீங்குகிறது. சிலருக்கு உயிராபத்தும் நேர்கிறது.

கோழியின் டிரோபோமயோசின் நம்முடையதைப் பெரிதும் ஒத்திருப்பதால் உடல் அதனைப் பகைப்பதில்லை. இறாலினுடையதோ நண்டு, சிங்க இறால் ஆகியவற்றின் புரதத்தோடு மட்டுமன்றிக் கரப்பான் பூச்சியின் புரதத்தோடும் தூசியில் வாழும் சிற்றுண்ணியின் புரதத்தோடும் மிக நெருங்கியது. ஆகவே ஒன்றினுக்கு ஆக்கிய எதிரி மற்றொன்றையும் பற்றுதல் கூடும். நன்கு வேகவைத்தால் தோஷம் நீங்கிவிடுமென்று வீடுகளிற் சொல்லப்படும் ஆறுதல் இவ்விஷயத்திற் செல்லாது. இறால் பதனிடும் சாலைகளில் கொதிநீரின் ஆவியோடு எழும் இப்புரதத்தை முகர்ந்து, ஒரு துண்டும் உண்ணாமலே மூச்சுத்திணறலுக்கு உள்ளான தொழிலாளர் பல நாடுகளிலும் உண்டு. அத்தகையோர் வாயைக் கட்டினால் மட்டும் போதாது, இறால் அவிக்கும் பானையின் அருகே நிற்பதையும் விடவேண்டும்.