ஞாயிறு மாலை அடுப்புக்கு லீவு... ஆஸ்திரியப் பலகை விருந்து நம்ம வீட்டிலும்!

முதலிபாளையம் சிட்கோ பக்கம் போய் ‘மோடல்’ என்று சொன்னால், அது என்ன என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும் அந்த மென்மையான துணிக்கான இழை, பருத்தியில் கிடைப்பதில்லை. மரக்கூழில் செய்கிறார்கள். அதற்குப் பேர்போன லென்சிங் நிறுவனம் ஆஸ்திரியாவில் இருக்கிறது. மரத்தின் பெயர் பீச்.

அதே பீச் மரத்தை ஆஸ்திரியர்கள் அடுக்களைக்கும் கொண்டுபோகிறார்கள். உப்பும் மசாலாவும் தடவி ஊறவைத்த பன்றிக்கறியைத் தொங்கவிட்டு, பீச் மரப் புகையில் வாரக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள். ‘ஷ்பெக்’ என்று பெயர். டிரோல் மாநிலத்து ஷ்பெக்குக்கு 1997-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. இதை மெல்லிசாகச் சீவி, சீஸ், கறுப்பு ரொட்டி, ஊறவைத்த வெள்ளரி, துருவிய காரக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே மரப்பலகையில் பரப்பி வைத்தால் அதுதான் ‘பிரெட்டில்யௌசே’. ‘பிரெட்டில்’ என்றால் சின்னப் பலகை. ‘யௌசே’ என்றால் வேலைக்கு நடுவில் சாப்பிடும் சிற்றுணவு.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் பார்த்தால் ஏதோ நட்சத்திர ஓட்டல் சமாசாரம் மாதிரி தெரியும். உண்மையில் இது உழைப்பாளிகளின் சாப்பாடு. மலைச்சரிவில் புல் அறுக்கப் போனவர்களும், திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களும் நடுவில் அடுப்பு மூட்ட முடியாது. வீட்டில் இருக்கும் ரொட்டி, கறி, சீஸை எடுத்துப்போய், கத்தியால் வெட்டித் தின்றார்கள். நம் ஊரில் பழைய சோற்றுத் தூக்கோடு தறிக்கும் காட்டுக்கும் போனார்களே, அந்தக் கதைதான்.

இதற்குள் ஒரு சட்டமும் ஒளிந்திருக்கிறது. 1784 ஆகஸ்ட் 17-ம் தேதி பேரரசர் இரண்டாம் ஜோசப் ஓர் ஆணை போட்டார். விவசாயிகள் தாங்கள் விளைவித்த உணவையும் ஒயினையும் தாங்களே விற்கலாம் என்பது அதன் சாரம். வாசலில் இலைக்கொத்து கட்டிவைத்தால் ‘இங்கே விற்பனை உண்டு’ என்று அர்த்தம். ஸ்டைரியா பகுதியின் அத்தகைய தோட்டத்து விடுதிகளில் இன்றைக்கும் ஆறிய பண்டங்கள் மட்டும்தான் பரிமாறப்படுகின்றன. பலகைச் சாப்பாடு அங்கே இவ்வளவு செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இது நமக்கு எதற்கு? கணவன், மனைவி இரண்டு பேரும் கம்பெனிக்குப் போகும் வீடுகள் நிறைந்த பகுதி இது. வாரம் ஆறு நாள் ஓடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று உட்கார்ந்தால், தோசைக்கல் முன்னால் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருப்பாள். பலகை விருந்தில் வேலை எல்லாம் முந்தின நாளே முடிந்துவிடும். பரிமாறியவரும் கூட உட்கார்ந்து சாப்பிடலாம். ‘ஆறிப்போன கறியவா விருந்தாளிக்கு வெப்பாங்க?’ என்று அம்மாயி கேட்கத்தான் செய்வார். முதல் துண்டை அவர் தட்டில் வைத்துவிடுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை

பச்சைப் பன்றிக்கறியை உப்புத் தடவி வீட்டிலேயே ஷ்பெக் போடலாம் என்று யாராவது வீடியோ காட்டினால், திருப்பூர் வெயிலில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். ஆல்ப்ஸ் மலையில் குளிர்ந்த காற்றும் குறைந்த சூட்டுப் புகையும்தான் கறியைக் காப்பாற்றுகின்றன. இங்கே அதே கறி ஊறுவதற்குள் கெட்டுவிடும். சரியாக வேகாத பன்றிக்கறியில் நாடாப்புழு ஆபத்து வேறு.

நம் கொங்குப் பாட்டிகளிடமும் இதற்கு ஒரு பதில் இருந்தது. அதுதான் உப்புக்கண்டம். ஆட்டுக்கறியை நீளமாகக் கீறி, உப்பு, மஞ்சள், மிளகாய் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயப்போடுவார்கள். உப்பு நீரை உறிஞ்சும், வெயில் மீதி ஈரத்தை எடுத்துவிடும். ஷ்பெக்குக்கும் இதற்கும் அறிவியல் ஒன்றுதான். ஆனால் பாட்டிகள் ஒருநாளும் உப்புக்கண்டத்தை அப்படியே கடிக்கவில்லை. எண்ணெயில் பொரித்த பிறகுதான் தட்டுக்கு வரும். நம் பலகையிலும் ஓர் ஓரத்தில் பொரித்த உப்புக்கண்டத்தை வையுங்கள். ஷ்பெக் இல்லாத குறை தெரியாது.

வேகவைத்த ‘கோல்டு கட்’

ஆஸ்திரியப் பலகையில் நன்றாக வெந்து ஆறிய ரோஸ்ட் கறிக்கும் இடம் உண்டு. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தப் பக்கத்தை. இங்கே ஒரு நுணுக்கம்: ஆட்டுக் கொழுப்பு ஆறியதும் மெழுகு மாதிரி உறைந்து, மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மட்டன் ஆறவைத்துச் சாப்பிட ஏற்றதல்ல. முதல் தடவை செய்பவர்களுக்குக் கோழிதான் சரி.

அரை கிலோ எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியைப் புத்தகம் மாதிரி விரித்து, லேசாகத் தட்டிக்கொள்ளுங்கள். ஒன்றேகால் டீஸ்பூன் தூள் உப்பு, இடித்த மிளகு, பூண்டு, ஒன்றிரண்டாக உடைத்த கொத்தமல்லி விதை ஆகியவற்றைத் தடவி, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் பட்டர் பேப்பரில் இறுக்கமாகச் சுருட்டி, அதன்மேல் அலுமினிய ஃபாயில் சுற்றி, இரண்டு முனையையும் மிட்டாய் மாதிரி முறுக்கி, இட்லிப் பானையில் 40 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். நடுக்கறியின் சூடு 75 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில், நடுவில் வெட்டிப் பாருங்கள். துளி இளஞ்சிவப்பு தெரிந்தாலும் இன்னும் பத்து நிமிடம். ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜுக்குள். வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. முழுக்கக் குளிர்ந்த பிறகு வெட்டினால்தான் துண்டு உதிராமல் மெல்லிசாக வரும்.

கடையில் விற்கும் சலாமி, ஹாம் வாங்குவதானால் கொஞ்சமாக வாங்குங்கள். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் வகைப்படுத்தியது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவிகிதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு. மாதத்தில் ஒருநாள் நாலு துண்டு சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டாம். குழந்தையின் டிபன் பாக்ஸில் தினமும் வைக்காதீர்கள்.

தயிரில் ஒரு லிப்டவர்

இந்த விருந்தில் நம் வீட்டுக்கு மிகவும் பொருந்துவது லிப்டவர்தான். இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள லிப்டோவ் பகுதியின் பெயரைத் தாங்கிய, ரொட்டியில் தடவும் கலவை. ஆட்டுப்பால் சீஸில் தொடங்கியது, ஆஸ்திரியர்கள் கையில் தயிர்ப் பாலாடைக்கு மாறியது.

ஒரு லிட்டர் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, ஒரு வடிகட்டியில் வைத்து, ஃபிரிட்ஜிலேயே எட்டு மணி நேரம் விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் சூட்டில் புளித்துவிடும். திருப்பூர் வீட்டில் துணிக்கா பஞ்சம் என்று பனியன் துணியை எடுத்துவிடாதீர்கள். பின்னல் துணி எடையில் இழுபட்டுக் கண் விரிந்துவிடும். சாயம் போடாத, நெய்த, மெல்லிய வெள்ளை வேட்டித் துணிதான் இதற்கு.

வடிந்த தயிரில் கால் கிலோ எடுத்து, 50 கிராம் ஊத்துக்குளி வெண்ணெயை இளக்கமாகச் சேர்த்துக் கடையுங்கள். உப்பில்லாத நல்ல வெண்ணெய்க்குப் பக்கத்திலேயே ஊரை வைத்துக்கொண்டு பாக்கெட்டைத் தேட வேண்டியதில்லை. பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஐந்தாறு, காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், வறுத்து இடித்த சீரகம் அரை டீஸ்பூன், உப்பு. அவர்கள் சீரகத்துக்குப் பதில் கேரவே விதை போடுவார்கள். இரண்டு மணி நேரம் குளிர்ந்தால் இளஞ்சிவப்பாக, ரொட்டியில் வழுக்கிப் பரவும் பதத்துக்கு வந்துவிடும்.

மூக்கில் ஏறும் அந்தக் காரக்கிழங்கு இங்கே சுலபத்தில் கிடைக்காது. பரவாயில்லை, அதன் உறைப்புக்குக் காரணமான அதே வேதிப்பொருள் நம் கடுகிலும் உருவாகிறது. ஊறிய கடுகைப் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்துப் பத்து நிமிடம் விட்டால் உறைப்பு ஏறும். சுடுதண்ணீர் விட்டால் ஏறவே ஏறாது. அதில் துருவிப் பிழிந்த வெள்ளை முள்ளங்கியும் கொஞ்சம் வினிகரும் கலந்தால் போதும்.

ரொட்டிக்கு அவர்கள் சேர்க்கும் மசாலாவைக் கேட்டால் சிரிப்பு வரும். கொத்தமல்லி விதையும் சோம்பும் அதில் முக்கியம்! ரை மாவு தேடி அலையாமல், கோதுமை பிரெட்டைத் தோசைக்கல்லில் மொறுமொறுப்பாக வாட்டி, இந்த இரண்டையும் இடித்துக் கலந்த வெண்ணெயைத் தடவிக்கொள்ளுங்கள். சீஸில் கௌடா, எமென்டல் இரண்டும் இப்போது சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கின்றன. சைவ வீட்டினர் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள். சில சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். சைவப் பலகைக்கு அவித்த உருளை, வறுத்த பனீர், லிப்டவர் என்றாலே தட்டு நிறைந்துவிடும். குட்டி வெள்ளரி ஊறுகாயை மறக்காதீர்கள். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் விளைந்து கப்பலேறிப் போகும் சரக்கு அது.

பலகைக்குச் சப்பாத்திக் கட்டையே போதும். பச்சைக்கறி வெட்டியதாக மட்டும் இருக்கக் கூடாது. எச்சில் பட்டுவிடுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஆளுக்கொரு சின்னப் பலகை வைத்துக்கொள்வதும் அங்கே வழக்கம்தான். அவரவர் தட்டு, நடுவில் எடுத்துப்போட ஓர் இடுக்கி என்று வைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது. குடிக்க, அவர்களுக்கு ஆப்பிள் ரசத்தில் புளித்த ‘மோஸ்ட்’. நமக்கு நன்னாரி சர்பத்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் கறியும் சீஸும் ஃபிரிட்ஜிலிருந்து வர வேண்டும். அறையின் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக் கூடாது. கரன்ட் போய்ப் போய் வந்த நாளாக இருந்தால் இன்னும் உஷார். கர்ப்பிணிகளுக்கு லிஸ்டீரியா என்ற கிருமி ஆபத்து உண்டு. அது ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். அவர்கள் பங்கு கறியை ஆவி பறக்கச் சுடவைத்துக் கொடுங்கள், கடை ஹாம், சலாமியும் அப்படித்தான்.

மிஞ்சிய கறித்துண்டுகளைப் பலகையிலிருந்து மறுபடி ஃபிரிட்ஜில் ஏற்றாமல், அன்று ராத்திரியே முட்டையோடு பொரித்துவிடலாம். பரிமாறாமல் எடுத்துவைத்த லிப்டவர் இரண்டு நாள் தாங்கும். திங்கட்கிழமை காலை ஏழரை மணி கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போது, சூடான தோசைக்குள் அதைத் தடவிச் சுருட்டிக் கொடுத்துப் பாருங்கள்.