ஈரல் கெட்டால் பிபி மாத்திரை என்ன ஆகும்?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதன் பிறகு தருமபுரி மாவட்டம் மொரப்பூர் வட்டாரக் கிராமங்களிலும் பிபி மாத்திரை வீடு தேடி வருகிறது. வீட்டுக்கு வரும் வழி தெரிகிறது; அது உடம்பை விட்டுப் போகும் வழி?

பிபிக்கும் படபடப்புக்கும் தரப்படும் ஒரு மாத்திரைக் குடும்பம் பீட்டா பிளாக்கர். அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் இவை தடுக்கும். 1960களில் இவற்றில் ஒன்றான புரோபிரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக், 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

விழுங்கிய புரோபிரனலால் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்குள்ள நொதிகள் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். 40 மி.கி. விழுங்கினால் உடம்புக்குச் சேர்வது ஏறக்குறைய 10 மி.கி.தான். இந்தச் சேதாரத்தையும் சேர்த்துத்தான் டோஸ் கணக்கிடப்படுகிறது.

குடியாலோ, ஹெபடைடிஸ் வைரஸாலோ, கொழுப்பு படிந்தோ கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவதே சிரோசிஸ். அப்போது நல்ல செல்கள் குறைந்து, நொதிகளும் குறைகின்றன. இறுகிய கல்லீரலுக்குள் நுழைய முடியாத ரத்தத்தில் ஒரு பங்கு, மொரப்பூரில் நிற்காத எக்ஸ்பிரஸ் ரயில் போல, பக்கக் குழாய்களில் கடந்துபோகிறது. சேதாரம் குறைய, அதே மாத்திரை பெரிய டோஸாகிவிடுகிறது. வெளியேறவும் தாமதமாகிறது: ஓர் ஆய்வில், ஊசியில் செலுத்திய மருந்து பாதியாகக் குறைய மற்றவர்களுக்குச் சுமார் 3 மணி நேரம் ஆனது, சிரோசிஸ் நோயாளிகளுக்கு 7 மணி நேரத்துக்கு மேல். நாடி தளரலாம், எழுந்தால் தலை சுற்றலாம்.

இந்த மாத்திரைக் குடும்பத்தில் எல்லோரும் ஒரே வழியில் போவதில்லை. மெட்டோபுரோலாலும் கார்வெடிலாலும் கல்லீரலையே நம்பியிருப்பவை. அட்டெனலால் நீரில் கரைவது. பெரும்பாலும் சிதையாமல் சிறுநீரில் போய்விடும். அதற்கு ஈரல் கெடுவது பெரிய தடையல்ல. கிட்னி கெட்டால்தான் உடம்பில் தேங்கும். பைசோபுரோலால் இரண்டிலும் பாதிப் பாதி.

இத்தனைக்கும், சிரோசிஸ் நோயாளிக்கே டாக்டர்கள் புரோபிரனலால் எழுதித் தருவதுண்டு. அது போர்ட்டல் சிரையின் அழுத்தத்தைத் தணிக்கும் என்று 1980இல் பாரிஸ் அருகே திதியே லெப்ரெக் குழுவினர் காட்டினர். உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்து ரத்த வாந்தி வராமல் காக்கவே இது. குறைந்த டோஸில் தொடங்கி, நாடியும் பிபியும் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவார்கள்.

அதனால் பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் படபடப்பும் நெஞ்சுவலியும் திரும்பலாம், மாரடைப்பும் வரலாம். காமாலை வந்ததையும் குடிப்பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லி, லிவர், கிட்னி ரிப்போர்ட் இரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை அவர் அவற்றை வைத்துத்தான் முடிவு செய்வார்.